பேர் நீளமானால் வியாதி சின்னது

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் பழைய பேப்பர் கடையில் தாள் பிரிக்கப் போனவளுக்கு, எடைக்கு வந்த மூட்டையில் கிழிந்த மருத்துவ அகராதி ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவளுக்கும் அப்பாவுக்கும் ஒரு விளையாட்டு. பல்லை உடைக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றை அவள் சொல்வாள். தையல்காரரான அப்பா அது என்ன நோய் என்று ஊகிக்க வேண்டும்.

'ஸ்டெர்னுடேஷன்' என்றதும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஆளு அவ்வளவுதானா?" என்றார். வெறும் தும்மல். 'ஹாரிபிலேஷன்' என்பது புல்லரிப்பு. ஐஸ் தின்றால் நெற்றியில் சுரீரென்று வலிக்குமே, அதற்கு 'ஸ்ஃபீனோபாலடைன் கேங்லியோநியூரால்ஜியா'.

"சொல்லி முடிக்கிறதுக்குள்ள வலியே போயிடும்," என்றாள் அம்மா.

அகராதியில் பெரிய நோய்கள் வரும் பக்கங்களை மகள் தாண்டிவிடுவாள். வாரமெல்லாம் குனிந்து தைக்கிற மனுஷனுக்கு அதெல்லாம் எதற்கு?

அப்பாவோ, "பேரு எவ்வளவு நீளமோ, வியாதி அவ்வளவு சின்னது" என்று துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இந்த ஞாயிறு, மெஷின் இழுப்பறையிலிருந்து அவரே ஒரு கவரை எடுத்தார்.

"இன்னைக்கு நான் கேக்குறேன். டிக்சனரியம்மா பதில் சொல்லட்டும்."

"என்னப்பா இது?"

"உடம்பு அரிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல? ஸ்கேன் எடுத்து, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு குடுத்தாங்க. பேரைப் பாத்தேன், ரயில் மாதிரி ஓடுது. சிரிப்பு வந்துடுச்சு. உன் பொறந்தநாளுக்குன்னு பத்திரமா வெச்சிருந்தேன்."

தாளைப் பிரித்தாள். கொலாஞ்சியோகார்சினோமா. பித்தநாளத்தில் புற்றுநோய். தேதி, எட்டு வாரங்களுக்கு முந்தியது.

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"இதுக்கா? நீளத்தைப் பாரு!"

"வாயுவாத்தான் இருக்கும்," என்று அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். "ரெண்டு மாசமா சோறு இறங்கல, வாய் மட்டும் குறையல."

அப்பா நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டார். அளவெடுத்துத் தானே தைத்துக்கொண்ட சட்டை, தோளில் தொளதொளவென்று தொங்கியது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டிருந்தது. போன வாரம் கேட்டபோது தூக்கமில்லை என்றிருந்தார். அவளும் நம்பிவிட்டாள்.

"என்ன, விக்கலா?"

இல்லையென்று அவள் தலையை ஆட்டினாள்.

"கொட்டாவி?"

அவள் தாளை மடித்துக் கவருக்குள் வைத்தாள். தாண்டிவிட்ட அந்தப் பக்கங்களில் ஒன்றையாவது ஒரு ஞாயிறு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

"சொல்லு, தெரியுமா தெரியாதா?"

"தெரியலப்பா," என்றாள். "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போய் டாக்டர்கிட்டயே கேட்டுடலாம்."

அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கேட்டியாடி! டிக்சனரியையே தோக்கடிச்சுட்டேன்!" என்று அம்மாவிடம் சொல்லச் சமையலறைக்குக் கிளம்பினார். இரண்டு எட்டு வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.