டேங்க் இறக்கிய மூன்று நாள்

டீசல் டேங்க் ஒழுகினால் என்ன செய்வது என்று எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் ஒரே பதில்தான். துணி சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பு, வீடு வந்து சேரலாம். என் வண்டி இரண்டு வருடமாக அப்படித்தான் வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. சோப்பு வாங்குவதைப் பார்த்து, துவைப்பதில் எனக்கு இத்தனை அக்கறையா என்று கடைக்காரர் அசந்துபோயிருப்பார்.

செவ்வாய்க்கிழமை மகள் போன் செய்தாள்.

“அப்பா, ஞாயித்துக்கிழமை வீடு மாத்துறோம். ரொம்பத் தூரம். நம்ம வண்டியிலயே போயிடலாமா? நான் முன்னாடி உக்காந்து வழி சொல்றேன்.”

“அதுக்கென்ன பாப்பா, வந்துடறேன்.”

“டேங்க் இன்னும் ஒழுகுதா?”

“சோப்பு வெச்சிருக்கேன்.”

“சோப்பெல்லாம் வேணாம்ப்பா. இப்பல்லாம் டீசல் வாசனை பட்டாலே குமட்டுது. உள்ள இருக்கறவங்களுக்கு ஆகமாட்டேங்குது.”

போனை வைத்து ஒரு நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தாத்தா ஆகப்போகும் செய்தியை டீசல் மூலமாகத் தெரிந்துகொண்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. வெளியே போய் வண்டியின் பானெட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்து படுத்தேன்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டபோது நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்கப்புறம் எட்டு மாதம், அவள் கூப்பிடும் நேரம் பார்த்துப் போனை அணைத்து வைத்தேன். வெறும் வீம்பு. போன மழைக்காலத்தில் காய்ச்சலாகப் படுத்துக் கிடந்தபோது நானாகவே எடுத்துப் பேசினேன். அன்றிலிருந்து நலம் விசாரிப்போம், சாப்பாடு விசாரிப்போம், வைத்துவிடுவோம். ‘நம்ம வண்டி’ என்று அவள் சொன்னது இப்போதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் எனக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலை டேங்கை இறக்கினேன். மிச்ச டீசலைக் கேன்களில் வடித்து, டேங்கைப் பிடித்திருந்த பட்டைகளைக் கழற்றினால், துரு எல்லாம் பட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தது. ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் தங்கித் தங்கி அரித்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன். ஊசி முனை அளவு என்று நான் நம்பியிருந்த ஓட்டை கட்டைவிரல் போகிற அளவுக்கு வாயைத் திறந்தது.

டேங்க் வேலை என்றால் முதலில் போனை அணைக்க வேண்டும். இது மகள் போட்ட சட்டம். பத்து வயதில் பெட்ரோல் பங்க் பலகையைப் படித்துவிட்டு வந்து, “அப்பா, டேங்க்கைத் திறந்தா போன் ஆஃப்ல இருக்கணும்” என்று விரலை ஆட்டிச் சொன்னாள். அப்போதிலிருந்து ஒரு தடவைகூட மீறியதில்லை. போனை அணைத்துச் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். அணைத்து வைப்பதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வாரத்துக்கு இரண்டு பேர் கூப்பிட்டால் அதிகம், அதில் ஒருவர் தவறான எண்.

உள்துருவைக் கிளறி எடுக்க ஜல்லியையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். முன்பு மறுமுனையை என் மனைவி பிடிப்பாள். வெள்ளிக்கிழமை மதியம், பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அவர்களுடைய கலவை மெஷினைக் கேட்டு வாங்கி, அதன் வயிற்றில் டேங்கைக் கட்டிச் சுற்றவிட்டேன்.

“என்ன பெரியவரே, டேங்க்குக்கு ராட்டினமா?” என்றார் சாப்பிட்டுத் திரும்பிய கொத்தனார்.

“அதுக்கும் ஆசை இருக்காதா?” என்றேன். மெஷினைக் கேட்டதைத் தவிர, அன்று முழுக்க நான் மனுஷரிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் கழித்துச் செங்கல் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. சோப்புத்தூள், வெந்நீர் என்று நாலு தடவை கழுவினேன். வெறும் இரும்பை வெளியே விட்டால் பனியில் மறுபடி துரு ஏறிவிடும். அதனால் இரவில் டேங்க் என் கட்டில் பக்கத்திலேயே கிடந்தது. வீட்டில் இன்னொரு உருவம் இருந்தது நன்றாகத்தான் இருந்தது. பாப்பாவுக்கு முன்சீட்டில் தலையணை போட வேண்டும் என்று அதனிடம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஒத்தைப்புருவத்தின் பட்டறை. காலி டேங்க்தானே என்று ஒருமுறை அப்படியே நெருப்பைக் காட்டி இடது புருவத்தைப் பறிகொடுத்த வெல்டர் அவர்.

“தண்ணி நிரப்பினியா?”

“ஓட்டைக்கு ஒரு விரல் கீழ வரைக்கும்.”

“நெறஞ்ச டேங்க் சாதுப்பா. காலிதான் பொல்லாதது. உள்ள ஆவி இருக்கறது கண்ணுக்குத் தெரியாது.”

தகடு வெட்டி வைத்துப் பற்றவைத்தார். சோப்பு நுரை தடவி, காற்றடித்துப் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. உலர்த்தி, பெயின்ட் அடித்து, புது ரப்பர் வைத்து மாட்டி, டீசலை ஊற்றும்போது மணி நான்கு. அடியில் ஓர் அட்டையை விரித்தேன். ஐந்து மணி வரைக்கும் குனிந்து குனிந்து பார்த்தேன். அட்டை காய்ந்தபடியே இருந்தது. சோப்பு போட்டுக் கைகழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினேன். பிறகு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்பதற்காகப் போனை எடுத்தேன்.

செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. வியாழன், ஏழு அழைப்புகள். ‘அப்பா, வீட்டு ஓனர் நாளைக்கே சாவி கேக்கறார். காலைல வர முடியுமா?’ வெள்ளி காலை, இரண்டு அழைப்புகள். ‘அப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க.’ வெள்ளி மதியம், நான் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கடைசிச் செய்தி.

‘சரிப்பா. புரியுது.’

கூப்பிட்டேன். நான்காவது மணிக்கு எடுத்தாள்.

“பாப்பா, டேங்க்கை இறக்கியிருந்தேன். அதான் போனை… நீதானே சொல்லியிருக்க.”



“எட்டு மாசம் ஆஃப் பண்ணி வெச்சிருந்தவர்ப்பா நீங்க. நான் என்னன்னு நெனைக்கிறது?”

கண் கலங்கியது. எனக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

“எப்படிப் போனீங்க?”

“வேன் பிடிச்சோம்.”

“வாசனை?”

“ரெண்டு தடவை வாந்தி. இப்ப பரவால்ல.”

“இப்ப ஒரு சொட்டு ஒழுகல பாப்பா. வாசனையே இல்ல. அட்ரஸ் சொல்லு, வந்து பாத்துட்டுப் போறேன்.”

அட்ரஸ் கேட்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை எனக்குத் தோன்றவே இல்லை. அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வருவாள் என்று இருந்துவிட்டேன்.

“அனுப்பறேன்ப்பா,” என்றாள்.

இது நடந்து ஒரு வாரமாகிறது. அட்ரஸ் இன்னும் வரவில்லை. வண்டிக்கு வாடகை லோடு வந்தால் ஓட்டிக்கொண்டு போகிறேன். இல்லாவிட்டால் தலையணை போட்ட முன்சீட்டில் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் பங்க்கில் டீசல் போடும்போதுகூட அதை அணைப்பதில்லை.