குளிர்வண்டிச் சத்தம்

ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருந்த நெல்லையப்ப பிள்ளை கார் வாங்கிய நாளிலிருந்து, அவர் மனைவி மங்கலத்துக்கு ஒரு விஷயம் விளங்கவே இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு மனுஷன் தோளில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நாலு பேர் பார்க்க எப்படி நடுங்க முடியும்?

கார் லேசுப்பட்டதல்ல. பொன்முடித் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்க வண்டி. உள்ளே குளிர்காற்று வரும் ஏற்பாடு உண்டு. பின்னால் டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி, அதிலிருந்து கூரைக்கு ஏறும் இரண்டு குழாய்கள், முன்னால் எஞ்சினோடு பெல்ட் போட்டு மாட்டிய கம்ப்ரசர். எஞ்சின் ஓடினால் கம்ப்ரசரும் சுற்றும். சுற்றிக் குளிரூட்டும் கேஸை அமுக்கித் தள்ளும். குழாயில் குளிர் வரும். இதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நெல்லையப்பன் விளக்கினார். விளக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. குளிர்தான் வரவில்லை. காற்று வந்தது, அடுப்பங்கரைக் காற்று.

சித்திரை மாத வெயிலில், நாலு கண்ணாடியையும் உச்சிவரை ஏற்றிவிட்டு, கரமனை வீட்டிலிருந்து ஆரியசாலைக்குப் போவார். கண்ணாடி இறங்கியிருந்தால் குளிர்வண்டி என்று ரோட்டில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? கடைக் கணக்கப்பிள்ளை ஒருநாள் ஏறி இறங்கி, "பல்லு கிடுகிடுக்கு முதலாளி" என்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததை மங்கலம் பார்த்தாள். கோயில் டிரஸ்டி ஏறினார், "சுகமான சீதளம்" என்றார். எதிர்வீட்டு வக்கீல், "காஷ்மீர்" என்றார். அவர் கொல்லத்துக்கு வடக்கே போனதில்லை.

தன் புருஷன் பொய் சொல்லுகிறாரா, அல்லது இத்தனை பேர் சொன்ன பொய்யை நம்பித் தொலைத்துவிட்டாரா என்பது மங்கலத்துக்குத் தெரியவில்லை. இரண்டில் எது கேவலம் என்றும் முடிவு செய்ய முடியவில்லை.

இப்படியிருக்கையில்தான் வண்டி சத்தம் போட ஆரம்பித்தது.

முதலில் அம்மியில் கல் உருளுகிற மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஆனது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்டது. பார்க்க வந்த ஆண்களுக்கு ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. வக்கீல் கார்புரேட்டர் என்றார். டிரஸ்டி, மலைப்பாதையில் ஓடிய வண்டிக்குச் சமவெளி ஒத்துக்கொள்ளாது என்றார். மலையாளத்து ஓட்டுநர் வேலாயுதன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பீடியை அணைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலியிலிருந்து சம்பந்தம் பேச ஆட்கள் வருகிறார்கள். மகள் சீதாலக்ஷ்மிக்கு பி.ஏ. பரீட்சை முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரைத் தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து குளிர்வண்டியில் அழைத்து வரப்போவதாக நெல்லையப்பன் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே தங்கையன் வரவழைக்கப்பட்டான்.

தங்கையன் மார்த்தாண்டத்துக்காரன், கரமனைப் பாலத்தருகே பட்டறை போட்டிருந்தான். சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஐஸ் லாரிகளை ரிப்பேர் பார்த்தவன். அதனால் கரமனைப் பாலத்துக்கு இப்புறம் தனக்கு நிகரானவன் இல்லையென்று எண்ணம். வெள்ளைப் பேன்ட்டோடு வந்தான். அழுக்குப்படும் வேலையைச் செய்ய வேலாயுதனைக் கூப்பிட்டுக்கொண்டான்.

பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டான். கடகடவென்று தெரு அதிர்ந்தது. எஞ்சினை நிறுத்தி, கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, மறுபடி ஓடவிட்டான். சத்தம் அற்றுப்போனது.

"கண்டேளா முதலாளி? எஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல. சத்தம் கம்ப்ரசர்லயாக்கும்."

அதுவரை சரியாகத்தான் செய்தான். வாசல் நடையில் நின்ற மங்கலத்துக்குக்கூட அவன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. பெல்ட்டைத் திரும்ப மாட்டி ஓடவிட்டு, நீளமான ஸ்பேனரின் ஒரு முனையைக் கம்ப்ரசரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டான். பிறகு கம்ப்ரசரிலிருந்து போகும் இரண்டு குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டான். மறுபடி தொட்டான். அவன் முகம் சுருங்கிற்று.

"முதலாளி, உள்ள குளிரு எப்படி உண்டு?"

"குளிரா?" நெல்லையப்பன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஊட்டி தோத்துப்போவும் ஓய்! நேத்து எனக்குக் காது அடைச்சுப்போச்சு."

"குளிரும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் மங்கலம் நடையிலிருந்து. "உள்ள இருந்தா நெல்லு அவிக்கலாம்."

நெல்லையப்பன் சிரித்தார். "அவளுக்கு இமயமலையில கொண்டு வச்சாலும் வேர்க்கும்."

தங்கையன் ஒரு கணம் மங்கலத்தைப் பார்த்தான், ஒரு கணம் முதலாளியைப் பார்த்தான். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். இறங்கும்போது அவன் கழுத்துப்பட்டை நனைந்திருந்தது.

"ஏ கிளாஸ் குளிரு" என்றான்.

அதற்கப்புறம் அவன் வைத்தியம் வேறு வழியில் போனது. குளிர் நன்றாக இருக்கிறதென்றால் கேஸ் இருக்கிறது. கேஸ் இருந்தால் உள்ளே கோளாறில்லை. அப்படியானால் கம்ப்ரசரைத் தாங்குகிற இரும்புப் பட்டைதான் லூஸ். நாலு போல்ட்டையும் முறுக்கச் செய்தான். பெல்ட்டை மாற்றினான். சத்தம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அமெரிக்க வண்டிக்கு உள்ளதுதான் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கையில் அழுக்கே இல்லை.

"அம்மைக்குச் சத்தம் கேக்காம இருந்தா போதும்லா?" என்று போகும்போது சிரித்தான்.

"எனக்கு நீரு சொல்லுகதும் நல்லாக் கேட்டுது" என்றாள் மங்கலம்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு அவளும் போனாள். மாப்பிள்ளையின் தாயாரும் வருகிறாள் என்பதால் போகவேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பகவதிப்பெருமாள் ஜில்லா போர்டில் பெரிய காண்ட்ராக்டர். மாப்பிள்ளை திரவியம் கட்டை குட்டையாக, சிரித்த முகமாக இருந்தான். தகப்பனார் பேசி முடிக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினான். தாயார் ஒல்லியான அம்மாள். பட்டுப்புடவையோடு இரவெல்லாம் ரயிலில் வந்த களைப்பு கண்ணில் தெரிந்தது.

ஆண்கள் இருவரும் பெண்கள் இருவருமாகப் பின்னாலும், மாப்பிள்ளை முன்னால் வேலாயுதன் பக்கத்திலுமாக ஏறினார்கள். கண்ணாடிகள் ஏறின. வண்டி புறப்பட்டது. பின்னாலிருந்த குழாய் வாய்களிலிருந்து சூடான காற்று எல்லோர் பிடரியிலும் அடித்தது.

"எப்படி அண்ணாச்சி?" என்றார் நெல்லையப்பன்.

பகவதிப்பெருமாள் மூச்சை இழுத்துவிட்டார். நெற்றிச் சந்தனம் கரைந்து புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. "ஏயப்பா! கொடைக்கானல்ல இருக்க மாதிரில்லா இருக்கு! ஏலே திரவியம், எப்படி இருக்கு?"

மாப்பிள்ளை திரும்பினான். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. "எனக்கு லேசா குளிருதுப்பா. கொஞ்சம் குறைக்க முடியுமா?"

மங்கலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைக் கணக்கப்பிள்ளை சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, மறுத்தால் அவருக்கு வேலை போய்விடும். வக்கீலுக்கு ஓசிச் சவாரி. இவனுக்கு என்ன? படித்தவன், நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவன். இருக்கிற சூட்டைக் குளிர் என்று சொன்னதோடு நிற்காமல், அதைக் குறைக்கவும் சொல்லுகிறானே!

கிள்ளிப்பாலம் தாண்டியதும் சத்தம் பழையபடி பெருகியது. மாப்பிள்ளையின் தாயார் மங்கலத்தின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் கேட்டாள்: "மதினி, இந்தக் கண்ணாடிய இறக்கப்படாதா? தலை சுத்துது எனக்கு."

"சும்மா இரு" என்றார் பகவதிப்பெருமாள். "குளிரு வெளிய போயிரும்."

அந்த அம்மாள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வேகம் அது. மங்கலம் கையை நீட்டித் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கடைசிவரை இறக்கினாள்.

"மங்கலம்!" என்று நெல்லையப்பன் கத்தினார்.

அவர் அடுத்த வார்த்தை சொல்லுமுன், முன்னால் கிறீச்சென்று ஒரு ஓலம் எழுந்தது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பானெட்டின் இடுக்கு வழியாகப் புகை கிளம்பியது. கரமனைப் பாலத்தின் நடுவில் வேலாயுதன் வண்டியை நிறுத்தினான். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப்பார்த்தார்கள். பகவதிப்பெருமாள்தான் முதலில் வெளியே குதித்தார்.

தங்கையனின் பட்டறை பக்கத்தில்தான். ஓடிவந்து பார்த்தான். கம்ப்ரசர் இறுகி நின்றுவிட்டது. எஞ்சின் இழுத்த இழுப்பில் பெல்ட் உரசிக் கருகிப்போயிருந்தது. குழாய் மூட்டு ஒன்றைத் தளர்த்தினான். கேஸ் இருந்தால் சீறிக்கொண்டு வெளியே வரவேண்டும். ஒரு பெருமூச்சுக்கூட வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தான். எண்ணெய்ப் பசையே இல்லை.

"கேஸ் தீந்து மாசக்கணக்கு ஆயிருக்கும் முதலாளி. கேஸோட எண்ணெயும் ஒழுகிப் போயாச்சு. வறட்டு இரும்பு இரும்போட உரசியிருக்கு. அதான் சத்தம். நான் அன்னைக்கே சந்தேகப்பட்டேன், கேட்டேளா. ரண்டு குழாயும் ஒரே சூட்டுல இருந்துது. ஒண்ணு சுடணும், ஒண்ணு குளிரணும்."

"சந்தேகத்த வாயத் தொறந்து சொன்னா பல்லு உதிந்திருமா?" என்றாள் மங்கலம்.

தங்கையன் கருகிய பெல்ட்டைக் கழற்றக் குனிந்தான். நெல்லையப்பன் வேலாயுதன் பக்கம் பாய்ந்தார். "லேய், நீ தினம் ஓட்டுகியே, உனக்குத் தெரியாதா?"

வேலாயுதன் தலையைச் சொறிந்தான். "பொன்முடியில வெள்ளக்கார சாயிப்பின்டெ டிரைவர் வண்டி தந்த அன்னே சொன்னான் முதலாளி, கேஸ் தீர்ந்நு போச்சுன்னு. ஞான் சொல்லான் வந்நப்ப முதலாளி சால்வை போத்திட்டு இருந்நு. பின்னெ எப்படிச் சொல்ல?"

இனி எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்கு நடக்கலாம் என்று மங்கலம் நினைத்தாள். அப்படி ஒரு சிரிப்பு வந்திருந்தால் அவள் எல்லாவற்றையும் மறந்தும் இருப்பாள்.

திரவியம் தொண்டையைக் கனைத்தான். "ஆனாலும் மாமா, பாலம் வர வரைக்கும் நல்ல குளிராத்தான் இருந்துது."

"பின்னே!" என்றார் பகவதிப்பெருமாள்.

நெல்லையப்பன் முகம் மலர்ந்தது. "அதான் பாரும்! இப்ப இந்த நிமிஷத்துலதான் போயிருக்கு."

மங்கலம் மாப்பிள்ளையின் தாயார் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்குப் போனதும் அந்த அம்மாளுக்கு மோர் கொடுத்து, விசிறியைக் கையில் கொடுத்து, உள் அறையில் உட்காரவைத்தாள். பிறகு அடுக்களையில் நின்ற மகளிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சீதாலக்ஷ்மி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"கேஸ் இல்லன்னு தெரிஞ்ச பெறவும் சொன்னானா?"

"தெரிஞ்ச பெறவும்."

"எனக்கு அடுப்புல கை சுட்டாலும் அவன் அப்பன் சுடல்லன்னு சொன்னா, சுடல்லன்னுதானேம்மா சொல்லுவான்?"

மங்கலம் காபித் தட்டை மகள் கையிலிருந்து வாங்கித் தானே கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தாள். பெண்ணுக்கு உடம்பு சுகமில்லை, இன்றைக்குப் பார்க்க வேண்டாம் என்றாள். மறுநாள் புருஷனிடம் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவாகச் சொன்னாள். அவர் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தார். கத்தினார். ஜாதகப் பொருத்தம் பேசினார். மூன்றாவது வேளை பசி வந்து இலைமுன் உட்கார்ந்தார். சீதாலக்ஷ்மி எம்.ஏ.யில் சேர்ந்தாள்.

செத்த கம்ப்ரசரைத் தங்கையன் கழற்றி எடுத்துவிட்டான். வண்டி இப்போது சத்தமே இல்லாமல் ஓடியது. கண்ணாடியும் இறங்கியது. ஆனால் ஆரியசாலையில் கேட்கிறவர்களுக்கு நெல்லையப்பன் சொன்ன காரணம் வேறு.

"வீட்டுக்காரிக்குக் குளிரு தாங்கல்ல ஓய். ஒரே சளி. அதான் கழத்திட்டேன்."

ஒருநாள் பின்சீட்டில் அவள் இருக்கும்போதே டிரஸ்டியிடம் இதைச் சொன்னார். டிரஸ்டி ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, அனுதாபத்தோடு, "சுக்குக் கஷாயம் போட்டுக் குடிக்கணும்" என்றார்.

"ஆமா" என்றாள் மங்கலம். "நீங்களும் அன்னைக்கு அந்தச் சீதளத்துல இருந்தியளே. முதல்ல நீங்க குடிங்க."

டிரஸ்டி ஜன்னலை விட்டுத் தலையை எடுத்தார். வேலாயுதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தான். பாலத்தில் ஏறியதும் ஆற்றுக்காற்று உள்ளே வந்தது.