ஷேருவைக் கூப்பிட்ட குரல்

யேசுதாஸுக்குப் போனில் பேச வராது. விளாங்குடியில் அந்தத் தெருவுக்கே தெரிந்த சங்கதி அது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் பட்டாளத்தில் இருக்கும் மகன் அழைத்தால் "சாப்பிட்டியா" என்று கேட்பார். பதில் வருவதற்குள் போனை மனைவி பாக்கியமேரியிடம் நீட்டிவிடுவார். பாசம் இல்லாமல் இல்லை. அதை வாயால் சொல்வதில்தான் அந்த மனுஷனுக்கு அத்தனை கஞ்சத்தனம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே குரல். இம்மானுவேல் லீவில் வந்திருக்கும்போது போன் செய்கிறவர்கள், பேசுவது யாரென்று தெரியாமல் திண்டாடுவார்கள்.

அந்த இம்மானுவேலைத்தான் போன வாரம் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மலைமேல் அவன் காவல் நின்ற இடத்தில் குண்டு விழுந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு வந்ததிலிருந்து பாக்கியமேரி யாரிடமும் பேசவில்லை. யேசுதாஸ் அழவே இல்லை.

இன்று காலையில் ஹவில்தார் சுகுமாரன் அழைத்தார். மகனோடு இருந்தவர். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"அப்பா, ஒரு உதவி வேணும். எங்க ஷேரு இருக்கானே..."

ஷேருவை யேசுதாஸ் படத்தில் பார்த்திருக்கிறார். குட்டியாக வந்து ஒட்டிக்கொண்ட மலைநாய். அந்தப் படைப்பிரிவுக்கே செல்லப்பிள்ளை. கழுத்தில் பட்டாளத்துத் துணி கட்டிக்கொண்டு குரூப் போட்டோவில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். இம்மானுவேல் விழுந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, இப்போது வரமாட்டேன் என்கிறதாம். அது திறந்த சரிவு. எதிர்ப்பக்கம் இன்னும் சுடுகிறார்கள், போய்த் தூக்கிவர ஆளை அனுப்ப முடியாது. பொழுது சாய்ந்தால் மறுபடியும் குண்டு விழும்.

"நாங்க எல்லாரும் கூப்பிட்டுப் பாத்துட்டோம். தலையைத் தூக்கிப் பாக்குது, படுத்துக்குது. உங்க குரல் அப்படியே அவன் குரல், அப்பா. போனை மைக்கில வைக்கிறேன். நீங்க கூப்பிடுங்க."

யேசுதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஷேரு, இங்க வா" என்றார், ஆபீசில் பியூனைக் கூப்பிடுவதுபோல.

"எந்திரிக்குது... இல்லப்பா, படுத்திருச்சு."

மறுபடியும் கூப்பிட்டார். நாய் அசையவில்லை. அப்போதுதான் உள்ளறையிலிருந்து பாக்கியமேரி எழுந்து வந்தாள்.

"ஷேருன்னா வராதுங்க. அவன் மாப்ளன்னுதான் கூப்பிடுவான். 'மாப்ள, வாரியா, கறி ஆறுதுடா'ம்பான். போன்ல எம்புட்டுத் தடவை கேட்டிருக்கேன்."

யேசுதாஸ் அப்படியே சொன்னார்.

"இப்படி அதட்டுனா எப்படி வரும்? அவன் சிரிச்சுக்கிட்டே சொல்லுவான்."

"சிரிக்கவா?" என்று மனைவியைப் பார்த்தார்.

"சிரிங்க. பிள்ளைதான் போயிட்டான். அதுவாச்சும் இருக்கட்டும்."

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்து சிரிக்கச் சொன்னால் யாரால் முடியும்? எதிரிக்கும் வரக்கூடாத நிலைமை அது. யேசுதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். லீவில் வரும் மகன், பையைக்கூட இறக்காமல் அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பது நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாப்ள, வாரியா? கறி ஆறுதுடா."

அவன் குரலேதான். பாக்கியமேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

போனில் ஒரே கூச்சல். "வருதுப்பா, ஓடி வருது... வந்திருச்சு, பிடிச்சிட்டோம்." அங்கே யார் யாரோ எந்தெந்த மொழியிலோ சிரித்தார்கள். பிறகு போனுக்கு மிகப் பக்கத்தில் ஒரு முனகல் கேட்டது.

"மைக் பெட்டியைச் சுத்திச் சுத்தி வருதுப்பா. பின்னாடி போய் அவனைத் தேடுது. இன்னும் ஒரு வார்த்தை பேசுங்க."

வாயில்லா ஜீவனை ஏமாற்றி வரவழைத்துவிட்டோமே என்று யேசுதாஸுக்கு உறுத்தியது. அதனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"மாப்ள, அவன் இனிமே வரமாட்டான்டா" என்றார். அதுவரை யாரிடமும் அவர் வாய்விட்டுச் சொல்லாதது அது. சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் குலுங்க அழுதார்.

அங்கே நாயையே பார்த்துக்கொண்டிருந்த சுகுமாரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பேசுங்கப்பா, இன்னும் பேசுங்க" என்றார். "வாலாட்டுது."