ஆளேறினால் திறக்கும் விரிசல்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 1994 ஆடியில், அந்தியூர் குதிரைச் சந்தையில், ஒரு ராட்டாந்தூரியின், அதாவது பெரிய ராட்டினத்தின், உச்சியில் இருபது நிமிடம் தொங்கிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பாய் ராட்டாந்தூரிக்காரம்மாவிடம் கையை விரித்துக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நானே கட்டியது.

2.

தொடக்கம் ஒன்று: ‘இரும்புக்கும் களைப்பு உண்டு. அது...’ (சீ, பாடப்புத்தகம்!)

தொடக்கம் இரண்டு: ராட்டாந்தூரி முனகுகிறது என்று அதன் சொந்தக்காரி கருப்பாத்தாள் ஆள் அனுப்ப, உக்கடத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ரசாக் விடிந்ததும் பஸ் ஏறி வந்தார். அச்சில் மண்ணெண்ணெய் தடவினார், துடைத்தார், சாக்பீஸ் பொடி தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடு விழும். விழவில்லை. “ஒண்ணுமில்லீங்க அம்மிணி, ஓட்டுங்க” என்றார்.

இதுவே இருக்கட்டும்.

3.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கையில்தான் ரசாக்குக்கு உறைத்தது. காலையில் ராட்டாந்தூரி காலி! பாரம் இல்லாதபோது விரிசலின் இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் எங்கே நுழையும்? ஆளேறினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருதரம் திறக்கும், ஒருதரம் மூடும். திறக்கும்போதெல்லாம் மயிரிழை முன்னேறும். முப்பது வருசம் லேத்தில் நின்றவன் செய்கிற தப்பா இது? ஓடினார்.

(மேலே அவர் மனைவி ஆமினா பீவியும் உட்கார்ந்திருந்த... வேண்டாம். உங்களை அழவைக்க நான் பண்ணும் களவாணித்தனம். மேலே இருந்தவர்கள் போதாதா?)

“அம்மிணி, நிறுத்துங்க!”

“ஏனுங்க பாய், காலைல நீங்கதான ஒண்ணுமில்லீன்னீங்க?”

“காலியா இருக்கையில பாத்துப்போட்டேனுங்க. தப்பு எம்மேலதான்.”

“நேத்து அத்தன கூட்டம் ஏறுச்சு, அப்பவே ஒண்ணும் ஆகலீங்களே?”*

“அத நம்பாதீங்க அம்மிணி. கும்புட்டுக் கேக்கறேன்.”

நிறுத்திவிட்டாள்.

* கருப்பாத்தாள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஒரே தடவை பாரம் மிஞ்சி ஏறினால், விரிசலின் நுனியில் உலோகம் இழுபட்டு, பாரம் இறங்கியதும் அதை இறுக்கிப் பிடிக்கும். விரிசல் மெதுவாகத்தான் வளரும். கொஞ்ச நாளைக்கு.

4.

நிறுத்தியாயிற்று. இறக்குவது எப்படி? ஒவ்வொரு தொட்டிலும் தரைக்கு வர, ராட்டாந்தூரி சுற்றியாக வேண்டும். சுற்றினால் விரிசல் திறக்கும். ரசாக் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில், “மெதுவா, கையிலயே தள்ளுங்க” என்று சொல்லி, தானும் கம்பியைப் பிடித்தார்.

முடிவு அ: எல்லோரும் இறங்கினார்கள், ரசாக் அங்கேயே உட்கார்ந்து...
முடிவு ஆ: ஒன்பதாவது தொட்டில் இறங்கும்போது ஒரு சத்தம்...

இரண்டையும் கிழித்துப் போட்டேன். ‘நீதான் உயிரோடு எழுதுகிறாயே, முடிவு தெரியாதா?’ என்பீர்கள். தெரியாது. ஏழாவதாக என் தொட்டில் தரைக்கு வந்தது. அடுத்த தொட்டில் தலைக்கு மேலே. அதிலிருந்து ஒரு அம்மா குனிந்து, “ஏனுங்க, எம்புள்ளய மட்டும் வாங்கிக்குங்க!” என்றாள்.

நான் ஓடிவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் பேப்பரைத் தொடவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அதனால் முடிவு என் கையில் இல்லை. ரசாக் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த அம்மா பிள்ளையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது வாங்கிக்கொள்ளுங்கள்.