வெந்நீரில் மிதந்த துண்டு

பேட்டையிலுள்ள எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடித் தகட்டின் மேல் பெயர் எழுதமாட்டோம், எண் மட்டும்தான். 417 ஓர் ஆணின் குடல். 418 என் மார்பிலிருந்து எடுத்த கட்டி. இங்கே யாருக்கும் அது தெரியாது. வெளியிலும் சொல்ல யார் இருக்கிறார்கள்? உம்மாவும் மவுத்தான பிறகு வீட்டில் நான் ஒருத்திதான்.

மெழுகில் பதித்த சதையைத் தாளைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, தகட்டில் ஏந்துவது என் வேலை. ஒருவருடையது முடிந்ததும் நீரின் மேல் காகிதத்தை இழுத்துத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இருபது வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

418க்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். கொழுப்பு, பாலூறும் சுரப்பி, அவற்றைக் கட்டிவைக்கும் இணைப்புத் திசு. எல்லாம் ஒழுங்கு. ஓரத்தில் மட்டும் தாறுமாறாகப் பெருகிக் கிடந்த செல்கள். அந்த முகம் எனக்குத் தெரியாதா? புற்று.

அழவில்லை, கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'உடன் வருபவர்' என்ற கட்டத்தை எந்த மடையன் வைத்தான்? அதைக் காலியாக விட்டிருந்தேன். வீட்டுக்குப் போய் ஒருத்திக்குச் சோறு பொங்கி, அதையும் உண்ணாமல் படுத்தேன்.

காலையில் மறுபடி பார்த்தேன். கெட்ட செல்களுக்கு அடியில் நீளநீளமாய்த் தசைத் திசு. சாப்பாட்டை நெருக்கித் தள்ளுகிற தசை. மார்பில் அதற்கு என்ன வேலை? அது குடலில் அல்லவா இருக்கும். முந்தின நாள் என்னுடையதைச் சீவும் அவசரத்தில், 417க்குப் பிறகு நான் தண்ணீரைத் துடைக்கவே இல்லை; அதில் மிதந்த துணுக்குதான் என் தகட்டில் ஏறியிருக்க வேண்டும்.

என் மெழுகிலிருந்து புதிதாய்ச் சீவி, பழைய தகட்டையும் புதியதையும் முத்துராணி டாக்டரிடம் கொடுத்தேன். என் தப்பையும், 418 யார் என்பதையும் சொன்னேன். இரண்டையும் நுண்ணோக்கியில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"உனக்குச் சாதாரண நார்க்கட்டிதான் ஆபிதா. மத்தது 417-ஓடது. வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு, பயந்துகிட்டு இருப்பாவ."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். போனைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தேன். 417ஐ வரச் சொல்ல வேண்டும், அதுவும் என் வேலைதான். அவருடைய படிவத்தைப் பிரித்தேன். நாங்குநேரிக்காரர், பூதத்தான். 'உடன் வருபவர்' கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார்கள்: மனைவி, இரண்டு மகன்கள், மருமகள், மச்சான்.

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். புற்று அவருக்கு என்று தெரிந்தும், அந்த மனுஷர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.