சம்பந்திக்கு முழுசு, எனக்குப் பாதியா?

திருமங்கலத்துக்குத் தெற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருஷம் நின்றவள் நான். ஊசியைக் கண்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர். அரை மாத்திரைக்காகச் சண்டைக்குக் கிளம்பியவரை எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில்தான் பார்த்தேன்.

அவர் பெயர் விருமாண்டி. மகள் முத்துத்தாயை நல்லகாமன் வீட்டில் கட்டிக் கொடுத்தவர். கல்யாணத்தில் யாருக்கு முதலில் சந்தனம் என்று தொடங்கிய வம்பு, சம்பந்திகள் இருவருக்கும் இடையே அதுவரை ஓயவில்லை. இவர் ஒரு கிடா வெட்டினால் அவர் இரண்டு வெட்டுவார். அப்படிப்பட்டவர்கள் ஒரே மழையில் நனைந்து, ஒரே சளிக்காய்ச்சலோடு, ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நிறைமாத முத்துத்தாயும் பரிசோதனைக்கு வந்திருந்தாள்.

டாக்டர் சுந்தரம்மாள், விருமாண்டி மதுரையில் ரத்தப் பரிசோதனை செய்து வாங்கிய சீட்டைப் பார்த்தார். சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுது. ரத்தத்தில் உப்பு ஏறிக் கிடந்தது. நல்லகாமனுக்கு வேளைக்கு ஒரு மாத்திரை, இவருக்கு அரை என்று எழுதினார். நான் பிளேடால் நறுக்கிப் பொட்டலம் கட்டி நீட்டினேன்.

விருமாண்டி பிரித்துப் பார்த்தார். பக்கத்துப் பொட்டலத்தையும் எட்டிப் பார்த்தார்.

"என்ன நர்சம்மா, அவருக்கு முழுசு, எனக்குப் பாதியா? பொண்ணு குடுத்தவன்னு எளக்காரமா?"

நல்லகாமன் மீசையைத் தடவினார். அது போதாதா? அவருடைய பொட்டலத்தைப் பிடுங்கி மூன்று மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார் விருமாண்டி. நான் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். "உங்க சிறுநீரகம் மருந்தை வெளிய தள்ளாதுய்யா. முழு அளவு போட்டா உடம்புலயே சேந்துக்கிட்டே போகும். பேரப்பிள்ளை முகம் பாக்க வேணாமா?"

"செத்தாலும் சம்பந்திக்குச் சமமாச் சாகுறேன்!"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முத்துத்தாய், "அப்பா!" என்று அழுதுவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஏண்ணே, கோயில்ல திருநீறு வாங்குறீகளே, எம்புட்டு விழுந்துச்சுன்னு தராசுலயா நிறுத்துப் பாக்குறீக? யாரு கையில முதல்ல விழுந்துச்சுன்னுதானே பாக்குறீக?"

அவர் கை மெதுவாக இறங்கியது. "அப்ப, எனக்குத்தான் முதல்லயா?"

"நீங்கதான் முதல்ல. அவரு பொறகுதான்."

நல்லகாமனின் மீசை துடித்தது. முத்துத்தாய் அவரைப் பார்த்து, "மாமா..." என்றாள். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வாங்கிக்கங்க சம்பந்தி."

விருமாண்டி தோள் துண்டை இடுப்பில் கட்டி இரண்டு கையையும் ஏந்தினார். அரை மாத்திரை விழுந்தது. அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற யாரோ ஒருத்தி குலவை போட, அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பிரசவ அறையிலிருந்து ஆயா, இங்கே யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று பதறி ஓடி வந்தாள். நான் சிரித்த சிரிப்பில் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன்.

மருந்து வாங்க வேண்டிய ஐந்து நாளும் விருமாண்டி கதவு திறக்கும் முன்பே முதல் ஆளாக வந்து நின்றார். காய்ச்சல் இருவருக்கும் போனது. மறுபடி ரத்தம் பார்த்தபோது விருமாண்டிக்கு உப்பும் அதற்கு மேல் ஏறியிருக்கவில்லை.

இருபது நாள் கழித்து முத்துத்தாய்க்குப் பெண் குழந்தை. அதன் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை வைக்க இரண்டு தாத்தாக்களும் ஆளுக்கொரு டம்ளரில் சீனித்தண்ணியோடு வந்தார்கள். போச்சு, அடுத்த சண்டை என்று நான் இடுப்பில் சேலையைச் செருகினேன். விருமாண்டியோ வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நர்சம்மா, இந்தச் சின்ன ஒடம்புக்கு எம்புட்டு தாங்கும்?"

அப்படியே அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

"ஒரு சொட்டுகூட வேணாம்ணே. தாய்ப்பால் போதும்."

விருமாண்டி வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"கேட்டீகளா சம்பந்தி? ஒங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. இப்பத்தான் ரெண்டு பேரும் சமம்!"