கொடுக்காத மாப்பு

ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ மக்காவுக்குப் போகிறவர்கள் வீடுவீடாகப் போய், "ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொறுத்துக்கங்க" என்று மாப்புக் கேட்பது ஏறாவூரில் வழமை. அதனால் அன்று பின்நேரம் அஸ்மியாவின் தங்கை றிஸ்னா வாயெல்லாம் பல்லாக வந்து நின்றதில் குற்றம் சொல்ல முடியாது.

"என்ன ராத்தா, மச்சான் உம்றாவுக்குப் போறாரா? இப்பதான் எங்கட ஊட்ட வந்து மாப்புக் கேட்டுட்டுப் போறார். ஒரு வார்த்த சொல்லல்லயே நீங்க."

அஸ்மியா மடியில் இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். உம்றாவாவது மண்ணாவது. ஓட்டோவுக்கு லீசிங் தவணை கட்ட வைத்திருந்த காசையெல்லாம் அவள் புருசன் அஸாம் போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டித் தொலைத்திருந்தான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அவளுடைய காப்பையும் அடகுக்கடைக்கு அனுப்பினான். போன கிழமை லீசிங்காரர்கள் ஓட்டோவையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து மனுசன் வாய் திறக்கவில்லை. அவள்தான் கோபத்தில் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டாள். பயணமே இல்லாதவனுக்கு மாப்பு எதற்கு?

பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாவிக்கரைக்கு ஓடினாள். மனம் சரியில்லை என்றால் அவன் போய் இருக்கும் இடம் அது. தோணி ஓரமாகக் குந்தியிருந்தவன் அவளைக் கண்டதும் எழுந்தான்.

"உன்னத்தான் கடைசியா வெச்சிருந்தன் அஸ்மி. மாப்புத் தா."

அவள் சுற்றிவளைக்கவில்லை. "உசிர விடத்தானே நெனச்சிருக்கீங்க?"

"ஓம்," என்றான், தலையைக் குனிந்துகொண்டு. "நான் இல்லாட்டி உனக்கு ஒரு பாரம் குறையும்."

"ஆருக்கு, எனக்கா?" அவனை இருத்தி, பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, அவன்மேல் இரக்கமும் பொங்கி வந்தது. "காப்பு போனாப் போகட்டும். அந்தப் போன என்னட்டத் தாங்க. விடிஞ்சதும் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவம். இதுக்கெண்டே டொக்டர் இரிக்காங்க."

போனைக் கொடுத்தான். "அப்ப மாப்பு?"

"தரமாட்டன். ஊரே தந்திரிக்கும், நான் தரமாட்டன். பல்லெல்லாம் உழுந்து கிழவனான பொறகு வந்து கேளுங்க, அப்ப யோசிப்பம்."

அவன் அப்போதுதான் அழுதான். அழுது முடியும்வரை அவள் கையை விடவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் பிள்ளையோடு நின்ற றிஸ்னா, ஒன்றும் அறியாமல், "எப்ப மச்சான் பயணம்?" என்று கேட்டாள்.

அஸாம் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நான் போகல்ல மச்சி. உங்கட ராத்தா மாப்புத் தரமாட்டாவாம்."